ஓலாவ் கட்டிய கார்

பழைய அமெரிக்கக் கார்களைத் திருத்தும் வேலைக்கு நீங்கள் புதிதாக வந்திருக்கிறீர்கள். வெல்டிங்கும் வயரிங்கும் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதை நான் சொல்லித் தரப்போவதில்லை. ஆனால் இந்தத் தொழிலில் கைக்கு வரும் சிக்கலைவிட வாய்க்கு வரும் சிக்கல் மோசமானது. ஒருவர் காரைக் காட்டி "இது அசலா?" என்று கேட்பார். பக்கத்தில் காரின் சொந்தக்காரர் நிற்பார். நீங்கள் ஏதோ ஒரு சொல் சொல்லியாக வேண்டும். அந்த நேரத்தில் எந்த ஸ்பானரும் உதவாது.

எனக்கு அப்படி ஒரு நாள் வந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

நான் நோர்வேயின் வடக்கில் மீன் வெட்டிவிட்டு, பிறகு ஒஸ்லோவுக்கு வந்து கார் உடம்பு திருத்தும் தொழில் படித்தவன். அல்னாப்ரூவில் சரக்கு லொறிகள் திரும்பும் இடத்துக்குப் பின்னால் இருந்த ஒரு கராஜில் என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி போனது. கராஜின் பொறுப்பாளர் ஒரு பெண். நான் மீன் வெட்டிய ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரி. ஒரு வசனத்தில் முடிகிற விசயத்துக்கு இரண்டாவது வசனம் செலவழிக்க மாட்டார். அவர் பெயரைச் சொன்னால் எனக்குத்தான் ஏச்சு விழும் என்பதால் பொறுப்பாளர் என்றே சொல்கிறேன். காரின் பெயரையும் சொல்லப்போவதில்லை. அந்த வகை ஒஸ்லோவில் மிகச் சில. பெயர் சொன்னால் ஆளைப் பிடித்துவிடுவார்கள்.

நோர்வேக்காரருக்கு அமெரிக்கக் கார்மேல் எவ்வளவு ஆசை என்பது உங்களுக்குத் தெரியும். பனிக்காலம் முழுவதும் போர்வைக்குள் தூங்கும் கார்கள், பனியை உருக்கத் தெருவில் போட்ட உப்புக் கழுவப்பட்டதும் உறுமிக்கொண்டு வெளியே வரும். அவற்றில் ராசா மசில் கார்தான். ஒரு காலத்தில் அமெரிக்கக் கம்பனிகள் சாதாரணக் குடும்பக் காரின் உடம்பில் பெரிய எஞ்சினைப் போட்டு, பக்கத்தில் இரண்டு கோடு கீறி, முன்னால் வேறு எழுத்துப் பதித்து விற்றன. உடம்பு ஒன்றுதான். சாதாரணமானது ஏராளம், பலமானது கொஞ்சம். ஆகவே பிற்காலத்தில் ஆட்கள் சாதாரணக் காரை வாங்கி, பெரிய எஞ்சினும் அதே கோடும் அதே எழுத்தும் போட்டுக்கொண்டார்கள். இதைக் குளோன் என்பார்கள் சிலர். மரியாதைக்காகச் செய்தது, ட்ரிபியூட் என்று சொல்லுங்கள் என்பார்கள் வேறு சிலர்.

எங்கள் கராஜில் மத்தியானம் பாணும் பழுப்புச் சீஸும் சாப்பிடும்போது இந்தச் சண்டைதான் நடக்கும். பெயின்ற் அடிப்பவர் ஒருவர், குளோன் என்றால் கள்ளக் கையெழுத்து என்பார். இன்னொருவர், பணக்காரனுக்கு மட்டும்தான் அந்தச் சத்தம் கேட்க உரிமையா என்று மேசையில் அடிப்பார். ஒருநாள் பெயின்ற்காரர் என் பக்கம் திரும்பினார்.

"நாதன், தொழிற்சாலைக் கட்டடம் ஒன்றுக்குள் உங்கள் ஆட்கள் கோயில் வைத்திருக்கிறீர்கள். அது அசலா, குளோனா?"

"ஊரில் இருக்கிற கோயில்தான் இது என்று சொல்லி நாங்கள் யாரையும் உள்ளே கூப்பிடவில்லை" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். பொறுப்பாளர் மட்டும் சிரிக்கவில்லை. "அதுதான் விசயம்" என்று சொல்லிவிட்டுக் கோப்பையைக் கழுவப் போய்விட்டார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஒரு வசந்தத்தில் ஓலாவ் எங்களிடம் வந்தார். ஒஸ்லோவில் ட்ராம் ஓட்டி ஓய்வுபெற்றவர். ஒல்லியான நீண்ட உடம்பு, கழுத்துவரை பொத்தான் பூட்டிய சட்டை. அவர் கொண்டுவந்த கார் கரும்பச்சை நிறம், வெள்ளைக் கோடு. பெயின்ற்காரர் பெயின்ற் அடிக்கும் குழலை வைத்துவிட்டு வெளியே வந்து பார்த்தார். அவ்வளவு அழகு.

"இது குளோன்" என்றார் ஓலாவ், நாங்கள் கேட்பதற்கு முன்பே. "சாதாரணக் காரை வாங்கி நானே கட்டினேன். எஞ்சின் பெரிது. பிரேக் இன்னும் அந்தச் சாதாரணக் காரின் பிரேக். இவ்வளவு காலமும் மெதுவாக ஓட்டிச் சமாளித்தேன். இனி அதை மாற்ற வேண்டும்."

"மற்றதெல்லாம் நீங்களே செய்திருக்கிறீர்கள். பிரேக்கையும் செய்திருக்கலாமே?" என்று கேட்டேன்.

"எழுத்தைப் போலச் செய்தேன். கோட்டைப் போலச் செய்தேன். கார் நிற்பதை அப்படிப் போலச் செய்ய முடியாது. அது உண்மையாகவே நிற்க வேண்டும். நாற்பது தொன் ட்ராமை நிறுத்தியவன் சொல்கிறேன்."

எனக்கு அவரை அந்த இடத்திலேயே பிடித்துப்போயிற்று. நான் பிரேக் வேலை செய்த நாட்களில் அவர் ஒரு முக்காலியைப் போட்டுப் பக்கத்தில் இருந்துகொள்வார். தன் தம்பி ரக்னாரைப் பற்றிக் கதைப்பார். இளமையில் இருவரும் கையிலிருந்ததைப் போட்டுச் சேர்ந்து வாங்கியது அசல் கார், இதே நிறம். ரக்னார் அதைப் பனிக்காலத்திலும் ஓட்டித் திரிந்தான். உப்பு அடியைத் தின்றுவிட்டது. கடைசியில் பழைய இரும்புக்குப் போனது. அதற்குப் பிறகு சில வருடங்களில் ரக்னாரும் நோயில் போய்விட்டான். அவன் போனபிறகுதான் ஓலாவ் சாதாரணக் கார் ஒன்றைத் தேடி வாங்கி, வீட்டுக்கு வெளியே ஒரு கொட்டிலில் வைத்துக் கட்டியிருக்கிறார்.

"ரக்னார் கண்டால் சிரிப்பான். 'அண்ணா, உனக்குப் பைத்தியம்' என்பான்" என்றார்.

ட்ரிபியூட் என்பதைத் தமிழில் அஞ்சலிக் கார் என்று சொல்லிப்பார்த்தால் செத்தவீட்டு நோட்டீஸ் ஞாபகம் வரும். ஆனால் ஓலாவின் கார் அதுதான். கோடையில் அமெரிக்கக் கார்க்காரர்கள் மாலைகளில் கூடும் திடலிலும் நான் அவரைக் கண்டிருக்கிறேன். யாராவது வந்து "அசலா?" என்று வாய் திறக்கும்போதே "இல்லை, குளோன்" என்பார். அதைச் சொல்லும்போது தலை குனியாது.

சில வருடங்களில் அவர் வருவது நின்றது. மூளையில் இரத்தம் அடைத்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்க நினைத்தேன். வேலை, பிள்ளைகள், தமிழ்ப் பள்ளிக்கூடம் என்று நாள் ஓடியது.

பிறகு ஒரு இலையுதிர்காலத்தில் ஓலாவின் மகன் மார்ட்டின் பொறுப்பாளருக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறார். வீட்டை விற்கிறோம், காரையும் விற்க வேண்டும், வாங்குபவர் ஒருவர் பார்க்க வருகிறார், உங்கள் கராஜில் வைத்துக் காட்டலாமா, அடியைத் தூக்கிக் காட்டினால் போதும் என்று கேட்டிருக்கிறார். பொறுப்பாளரும் ஓம் என்றுவிட்டார். நாங்கள் எல்லோரும் ஒன்றையே நினைத்தோம்: அந்தக் கார் என்ன கார் என்று மார்ட்டினுக்குத் தெரியாதா என்ன? ஓலாவ் உலகத்துக்கே சொன்ன விசயம்தானே.

மார்ட்டின் நாற்பதை நெருங்கியவர். பள்ளிக்கூட ஆசிரியர். கார் பற்றி எதுவும் தெரியாது என்பது அவர் காரை உள்ளே கொண்டுவந்த விதத்திலேயே தெரிந்தது. கியர் போட்ட சத்தத்தில் எனக்குப் பல் கூசியது. வாங்க வந்தவர் ஸ்தவாங்கரிலிருந்து காலை விமானத்தில் வந்திருந்தார். எண்ணெய்க் கம்பனியில் எஞ்சினியர், பெயர் செந்தில். கோயம்புத்தூர்க்காரர். என் மேல்சட்டையில் பெயரைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"அண்ணா, நீங்க தமிழா! இந்த ஊர்ல, இந்த கராஜ்ல! சின்ன வயசுல இருந்து இந்தக் கார் படத்தைத்தான் செவுத்துல ஒட்டி வச்சிருந்தேன்."

நானும் சிரித்தேன். காரைத் தூக்கியில் ஏற்றி உயர்த்தினேன். நான் அடியில் விளக்குப் பிடித்து நிற்க, பக்கத்தில் மார்ட்டின் செந்திலிடம் நோர்வேஜிய மொழியில் சொல்வது காதில் விழுந்தது.

"இது அசல் கார். தொடக்கத்திலிருந்தே எங்கள் குடும்பத்தில் இருக்கிறது. என் சித்தப்பா ரக்னாரின் கார்."

என் கையில் விளக்கு அப்படியே நின்றுவிட்டது. முதலில் வந்தது கோபம். தகப்பன் வாய் பேச முடியாமல் கிடக்கும்போது மகன் அவர் வாழ்நாளெல்லாம் சொன்ன உண்மையை விற்கிறான் என்று நினைத்தேன். வெளியே வந்து மார்ட்டினின் முகத்தைப் பார்த்தேன். கள்ளம் செய்கிறவன் என் கண்ணைப் பார்த்திருக்க மாட்டான், பார்த்தாலும் ஒரு கணம் கூடுதலாகப் பார்த்திருப்பான். மார்ட்டின் என்னைச் சாதாரணமாகப் பார்த்து, "எல்லாம் நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டார். அவர் நம்பியதைத்தான் சொல்லியிருக்கிறார் என்று அப்போது விளங்கியது.

அதற்குள் செந்தில் என்னருகே வந்துவிட்டார். தமிழில், தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அண்ணா, நமக்குள்ள சொல்லுங்க. இது ஒரிஜினல் தானே? இல்ல டூப்ளிகேட்டா?"

இந்த இடத்தில் நீங்கள் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். ஒரே ஒரு சொல் போதும். தமிழில் சொன்னால் மார்ட்டினுக்கு விளங்காது. செந்தில் ஏதாவது சாட்டுச் சொல்லிவிட்டு விமானம் ஏறிவிடுவார். சண்டை இல்லை, சத்தம் இல்லை. தூர நாட்டில் தன் மொழி பேசும் ஒருவன் ஏமாறாமல் காப்பாற்றிய நிம்மதியும் எனக்குக் கிடைக்கும். சொல்லாமல் விட்டால் ஒரு மனிதர் பொய்யான ஒன்றுக்கு மெய்யின் விலை கொடுப்பார். அந்த இரண்டு விலைக்கும் நடுவில் உள்ள தூரம் சின்னத் தூரம் அல்ல.

ஆனால் கார் கொண்டுவந்தவர் மார்ட்டின். எங்கள் கூரைக்குக் கீழே, அவருடைய காரைப் பற்றி, அவருக்கு விளங்காத மொழியில், அவர் முன்னாலேயே கதைத்து வியாபாரத்தை முறிப்பதா? ஒஸ்லோவில் எத்தனை அலுவலகங்களில் எங்களுக்கு விளங்காத வேகத்தில் எங்கள் தலைக்கு மேலால் கதைத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் கழுத்துப் பின்புறம் சூடாகுமே, அது எனக்குத் தெரியும்.

"தம்பி, கொஞ்சம் பொறுங்கோ. உங்களை ஒருத்தரும் இஞ்சை ஏமாத்த விடமாட்டன். ஆனா இதைப் பற்றி நான் உங்களோடை தனியத் தமிழிலை கதைக்க மாட்டன். மூண்டு பேருக்கும் விளங்கிற மாதிரிக் கதைப்பம்" என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. "கதைப்போமா? எனக்குக் கதை வேணாம் அண்ணா. உண்மை வேணும்."

எங்களுக்குக் கதைப்பது என்றால் பேசுவது, அவர் ஊரில் கதை விடுவது. இன்னொரு நாளென்றால் சிரித்திருப்பேன்.

நான் செந்திலுக்குச் சொன்னதை அப்படியே மார்ட்டினுக்கு நோர்வேஜிய மொழியில் சொன்னேன். "இவர் இது அசலா என்று கேட்கிறார். உங்கள் முன்னால்தான் பதில் சொல்வேன் என்று சொல்லியிருக்கிறேன். அதற்கு முதல் உங்களோடு ஒரு விசயம் கதைக்க வேண்டும்." செந்திலைக் கோப்பி குடிக்கும் அறைக்குப் போய் இருக்கச் சொன்னேன். அலுவலகக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பொறுப்பாளர் எழுந்து வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனார்.

காரை இறக்கி, பின்பெட்டியைத் திறந்து, உள்ளே விரித்திருந்த கம்பளத்தை விலக்கி, பக்கத்தகட்டின் உட்புறத்துக்கு விளக்குப் பிடித்தேன். வரிசையாகச் சின்னச் சின்னப் பொட்டுகள். வெல்டிங்கால் அடைத்த துளைகள். சாதாரணக் காருக்கு வெளியே பளபளப்புப் பட்டி பூட்டும் துளைகள் அவை. பலமான காருக்கு அந்தப் பட்டி இல்லை.

"இதை அடைத்தது உங்கள் அப்பா" என்றேன். "வெளியே தடவிப் பாருங்கள், தெரியாது. அவ்வளவு கவனமாகச் செய்திருக்கிறார். இது சாதாரணக் காராகப் பிறந்தது, மார்ட்டின். அவரே இதைக் கட்டினார். பிரேக் மாற்ற வந்தபோது என்னிடம் சொன்னார்."

மார்ட்டின் அந்தப் பொட்டுகளை விரலால் தொட்டுக்கொண்டே இருந்தார்.

"இல்லை. எனக்கு ஆறு வயது. இதை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று நான் கேட்டேன், 'சித்தப்பாவின் கார் திரும்பி வந்துவிட்டதா?' என்று. அப்பா 'ஆம்' என்றார். அவர் 'ஆம்' என்றார்."

"சித்தப்பாவின் கார் அதற்கு முன்பே உப்பில் போய்விட்டது."

"நீங்கள் தவறாக விளங்கியிருக்கலாம். நோர்வேஜிய மொழியில்…"

அவர் முடிக்கவில்லை. முடிக்காமல் விட்டதற்காக இன்றும் அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. நானும் அதைப் பிடித்து இழுக்கவில்லை. காயப்பட்ட மனிதர் கையில் அகப்படுவதை எறிவார். எறிந்ததைப் பொறுக்கி வைத்துக்கொண்டிருந்தால் நம் வேலை நடக்காது.

"இதை அவருக்குச் சொல்ல வேண்டும்" என்றேன். "நீங்கள் சொன்னால் நல்லது. நீங்கள் சொல்லாவிட்டால், அவர் என்னைக் கேட்டால், நான் சொல்வேன். உங்கள் முன்னால் சொல்வேன்."

"எல்லோருக்கும் தெரியுமா?"

"திடலுக்கு வருகிறவர்களுக்குத் தெரியும். உங்கள் அப்பா யாரிடமும் மறைக்கவில்லை."

"என்னிடம் மட்டும்தான்" என்றார்.

பெட்டியின் மூடியைச் சாத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, கோப்பி அறைக்குள் போனார். கண்ணாடிக்கு வெளியே நின்று நான் பார்த்தேன். செந்தில் எழுந்தார். மார்ட்டின் நின்றபடியே சொன்னார், குறுகிய வசனங்களில். செந்தில் தலையை ஆட்டினார், கோப்பையை மேசையில் வைத்தார், வெளியே வந்தார். என்னைக் கடக்கும்போது நின்றார்.

"என்னண்ணா, நான் கேட்டப்பவே ஒரு வார்த்தை தமிழ்ல சொல்லியிருந்தா இவ்ளோ அசிங்கம் தேவையா? ஒரு தமிழனா நீங்க…"

"தமிழனா நிண்டதாலைதான் தம்பி சொல்லயில்லை. அந்த மனுசனுக்கு விளங்காத பாசையிலை அவரின்ரை காரைப் பற்றிக் குசுகுசுத்தா, நாளைக்கு நீங்கள் கார் விட வரேக்கை நாங்கள் உங்களுக்கு விளங்காத பாசையிலை குசுகுசுக்க மாட்டமெண்டு என்ன நிச்சயம்?"

செந்தில் பையைத் தோளில் போட்டார். டாக்சி எடுத்துக்கொண்டு போய்விட்டார். மார்ட்டின் காரை எங்களிடமே விட்டுவிட்டு, சுரங்க ரயிலுக்கு நடந்து போனார். வாங்க வந்தவர் போய்விட்டார், விற்க வந்தவர் உடைந்துபோய்விட்டார், இனி இருவருமே எங்கள் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். பொறுப்பாளர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"இனிமேல் வாங்குபவர் வருவதற்கு முதல்நாளே காரை நாம் பார்க்கிறோம். விற்பவரோடு தனியாக" என்றார்.

அவ்வளவுதான். அன்றிலிருந்து அது எங்கள் கராஜின் வழக்கமாயிற்று. நீங்களும் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். உண்மையைச் சொல்வதா விடுவதா என்பதல்ல கேள்வி. அது யாருடைய மனதை முதலில் வெட்டுமோ, அவருக்கு முதலில், தனியாகச் சொல்ல வழி வைத்திருக்க வேண்டும். கடைசி நிமிடத்தில் வழி தேடினால் எல்லோருக்கும் வெட்டு விழும்.

குளிர் தொடங்கிய பிறகு மார்ட்டின் வந்தார். காரைப் பார்க்க வரவில்லை. அதன் பக்கம் திரும்பவே இல்லை. முக்காலியை இழுத்துப் போட்டு இருந்தார்.

"அப்பா உங்களிடம் என்ன சொன்னார்? எல்லாவற்றையும் சொல்லுங்கள்" என்றார்.

சொன்னேன். தம்பியும் அவரும் சேர்ந்து வாங்கியது, உப்பு, பழைய இரும்பு, ரக்னார் கண்டால் சிரிப்பான் என்றது.

"ஊருக்கெல்லாம் உண்மை சொன்னவர், எனக்குச் சொல்ல ஏன் நேரம் கிடைக்கவில்லை?"

"ஆறு வயதுப் பிள்ளைக்குக் கொடுத்ததைத் திரும்பப் பறிக்க ஒரு நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்" என்றேன். "அப்படி ஒரு நாள் வராது. எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்."

"இப்போது கேட்டால் அவரால் சொல்ல முடியாது. இரண்டு சொல்தான் வருகிறது. ஆம், இல்லை. அதுவும் சில நாள் மாறி வருகிறது." கண்ணைத் துடைத்தார். "கோபப்படவும் முடியவில்லை. பேச முடியாதவரோடு எப்படிச் சண்டை பிடிப்பது?"

கோப்பி ஊற்றிக் கொடுத்தேன். பொறுப்பாளர் வந்து, பனிக்காலம் முடியும்வரை கார் மூலையில் நிற்கட்டும், இடம் இருக்கிறது என்றார்.

பனி கரையத் தொடங்கியபோது கராஜ் தொலைபேசி அடித்தது. செந்தில்.

"அண்ணா, கோவமா இருக்கீங்களா?"

"எனக்கென்ன கோபம். சொல்லுங்கோ தம்பி."

"பேர்கன்ல ஒண்ணு, திராமன்ல ஒண்ணு பாத்தேன். விக்கிறவங்க ரெண்டு பேரும் ஒரிஜினல்னு சத்தியம் பண்ணாங்க. அன்னிக்கு நீங்க காட்டினதைக் கண்ணாடி வழியாப் பாத்தேன்ல, அதே மாதிரி ரெண்டுலயும் டிக்கி கார்ப்பெட்டைத் தூக்கிப் பாத்தேன். அடைச்ச ஓட்டை. அதுவும் கன்னாபின்னான்னு அடைச்சிருக்காங்க. அன்னிக்கு அந்த வாத்தியார் நின்னு சொன்னாரு பாருங்க. தப்பு நடந்துபோச்சு, இது நான் நெனச்ச கார் இல்லன்னு. எனக்கு அது தூக்கத்துல கூட வருது. அந்தக் கார் இன்னும் இருக்கா?"

"இருக்கு. ஆனா அது அசல் இல்லை."

"தெரியும். அதை யார் கட்டினாரோ அவர் கட்டினதாவே எனக்கு வேணும். குளோன்னு சொல்லித்தான் வாங்குவேன், குளோன்னு சொல்லித்தான் ஓட்டுவேன்."

நான் விலையில் தலையிடவில்லை. மார்ட்டினும் செந்திலும் கதைத்து முடித்தார்கள். செந்தில் ஒன்று மட்டும் கேட்டார்: கட்டியவரைப் பார்க்க வேண்டும்.

ஓலாவ் அப்போது நகரின் கிழக்குப் புறத்தில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருந்தார். வெயில் நல்லாய் விழுந்த ஒரு மத்தியானம், காரை நான் ஓட்டிக்கொண்டு போனேன். செந்தில் பக்கத்தில் எஞ்சின் சத்தத்தைக் கேட்டபடி இருந்தார். வாசலில் மார்ட்டின் தகப்பனைச் சக்கர நாற்காலியில் வைத்துக்கொண்டு நின்றார். சட்டை அதே மாதிரிக் கழுத்துவரை பூட்டியிருந்தது. யாரோ கவனமாகப் பூட்டிவிட்டிருக்கிறார்கள்.

கார் திரும்பி வரும்போதே ஓலாவின் இடதுகை எழும்பியது. நிறுத்தி இறங்கினேன். என்னைக் கண்டார். உதடு அசைந்தது, சொல் வரவில்லை. கையைப் பிடித்துக்கொண்டேன்.

மார்ட்டின் நாற்காலியைக் காரின் பக்கத்துக்குத் தள்ளினார். ஓலாவ் இடதுகையால் கதவைத் தடவினார். கோட்டைத் தடவினார். பிறகு நாற்காலியின் சில்லைப் பிடித்து நிறுத்தி, மகன் பக்கம் உடம்பைத் திருப்ப முயன்றார். மார்ட்டின் முன்னால் வந்து குந்தினார். ஓலாவ் கையைக் காரின்மேல் வைத்தார். முகம் சிவந்தது. ஏதோ ஒன்றைத் தூக்குவதுபோல் மூச்சை இழுத்தார்.

"ரக்… ரக்னார்" என்றார். பிறகு தலையை ஆட்டி, தெளிவாக, "இல்லை."

மார்ட்டின் இன்னும் கிட்ட நகர்ந்தார்.

"இல்லை" என்று மறுபடியும் சொன்னார், மகனின் கண்ணைப் பார்த்து. அவரிடம் மிச்சமிருந்த இரண்டு சொற்களில் ஒன்று. அன்று அது மாறி வரவில்லை.

"தெரியும், அப்பா" என்றார் மார்ட்டின். "நீங்கள் கட்டியது. எனக்குத் தெரியும்." தகப்பனின் முழங்காலில் நெற்றியை வைத்தார். ஓலாவின் கை காரிலிருந்து இறங்கி மகனின் தலைக்குப் போனது.

செந்தில் மற்றப் பக்கம் திரும்பி நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு அவர் வந்து, என்னிடமிருந்து சாவியை வாங்கி மார்ட்டினிடம் நீட்டினார். நோர்வேஜிய மொழியில், தட்டுத் தடுமாறிச் சொன்னார்: "நான் பிறகு எடுத்துக்கொள்கிறேன். முதலில் உங்கள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஒரு சுற்றுப் போங்கள்."

"எனக்கு இதை ஒழுங்காக ஓட்ட வராது" என்றார் மார்ட்டின்.

"பழுதாக்கினால் திருத்த ஆள் இருக்கிறார்" என்று என்னைக் காட்டினார் செந்தில்.

நானும் செந்திலும் ஓலாவைத் தூக்கி முன் இருக்கையில் வைத்தோம். பெல்ட்டைப் பூட்டினேன். மார்ட்டின் சாவியைத் திருப்பினார். எஞ்சின் பிடித்ததும் இல்லத்தின் சன்னல்களில் ஒவ்வொரு முகமாகத் தோன்றியது. மார்ட்டின் கிளட்ச்சை விட்டார். கார் ஒரு துள்ளுத் துள்ளி, அணைந்தது. மறுபடியும் திருப்பினார். மறுபடியும் துள்ளல், மறுபடியும் அணைவு.

அப்போது உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் எனக்குப் பயமாயிற்று. குனிந்து பார்த்தேன். ஓலாவ் சிரித்துக்கொண்டிருந்தார், வாய் ஒரு பக்கமாகக் கோணி, கண்ணில் நீர் வழிய, வயிறு குலுங்க. சொல் வராத அந்தத் தொண்டையிலிருந்து சிரிப்பு தடையில்லாமல் வந்தது. இடதுகையை நீட்டி, கியர்க் கம்பியில் இருந்த மகனின் கைக்கு மேல் வைத்து, மெதுவாக அழுத்தினார்.

கார் நகர்ந்தது. முதல் கியரிலேயே, உறுமிக்கொண்டு, நடக்கிற வேகத்தில், வெயில் விழுந்த தெருவால் போனது. முடக்கில் பிரேக் விளக்கு எரிந்தது. திரும்பி மறைந்தது. எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. கொஞ்சத்தால் இரண்டாவது கியர் விழுந்தது, சத்தமில்லாமல்.

"போட்டுட்டாரு அண்ணா" என்றார் செந்தில்.

"ஓம்" என்றேன்.